விளக்குமாறும் விஞ்ஞானமும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், இயற்பியல்)

சந்திரயான்-3 நிலவில் இறங்கிய 2023 ஆகஸ்ட் 23ஆம் நாள் மாலை, ஒத்தக்கடையில் ஒரு தேநீர்க் கடைத் தொலைக்காட்சியின் முன் நின்று கைதட்டியவர்களில் நானும் ஒருவன். அப்போது நான் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன். அந்த விண்கலத்திலிருந்து பிரக்யான் என்னும் சிற்றூர்தி இறங்கி நிலவின் மண்ணில் உருண்ட செய்தியைப் படித்தபோது, இதைப் போன்ற ஓர் ஊர்தி என்றைக்காவது எங்கள் வீட்டுச் சோற்றுப் பானைக்குள் எட்டிப் பார்க்கும் என்று நான் கனவிலும் கருதவில்லை.

ஆம் நண்பர்களே! வீடு பெருக்கித் துடைக்கும் ரோபோவைத்தான் சொல்கிறேன். சுளகளவுகூட இல்லாத வட்டப் பெட்டி. அடியில் இரண்டு சக்கரம், ஓர் உருளைத் தூரிகை, தூசியை உறிஞ்ச ஒரு விசிறி, பின்புறம் ஈரத்துணி. தானாக ஓடும், தானாகத் திரும்பும், மின்சாரம் தீர்ந்தால் தானாகவே போய்ச் சுவரோரம் ஒட்டிக்கொண்டு மின்னூட்டம் பெறும். 'இதற்கும் நமக்கும் என்ன தொடர்பு? நம் விடுதி அறையைப் பெருக்கவே ஆளில்லை!' என்று சிலர் நகைக்கலாம். எனக்கும் சென்ற ஆடி மாதம் வரை எந்தத் தொடர்பும் இல்லைதான்.

என் தாயார் வீட்டு வேலை செய்பவர். காலை ஆறு மணிக்கு ஒத்தக்கடையில் டவுன் பஸ் ஏறுவார். 2021 முதல் மகளிருக்குக் கட்டணமில்லை என்பதால் அந்தச் செலவு மிச்சம். மாட்டுத்தாவணியில் இறங்கி, கே.கே. நகரில் மூன்று வீடுகளில் பெருக்கித் துடைத்துப் பாத்திரம் தேய்த்து முடித்துப் பதினொரு மணிக்குத் திரும்புவார். முதலாண்டில் என்னிடம் கேட்டவர்களுக்கெல்லாம் "அம்மா டவுனில் வேலை பார்க்கிறார்" என்று மட்டும் சொல்லி வந்தேன். என்ன வேலை என்று சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். மிதித்தவுடன் கற்றுக்கொண்ட முதல் பாடம் அந்தப் பாதி உண்மை! இன்று முழுதும் எழுதிவிட்டேன்.

அம்மூன்று வீடுகளில் ஒன்று ஓய்வு பெற்ற தலைமையாசிரியை ஒருவருடையது. முழங்கால் அறுவைக்குப் பின் தனியே இருக்கிறார். பெங்களூரில் பணிபுரியும் மகன் இரண்டு ரோபோக்களின் படத்தை அனுப்பி, எது வேண்டும் என்று கேட்டிருந்தார். ஒன்றின் விலை 18,000 ரூபாய். மற்றதன் விலை 72,000 ரூபாய். "உன் மகன் சயின்ஸ் படிக்குதுல்ல, தம்பிய ஒரு நாள் வந்து பாத்துச் சொல்லச் சொல்லு" என்றாராம் டீச்சர்.

அம்மா அன்றிரவு சோறு போட்டுக்கொண்டே இதைச் சொன்னார். சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஏய்யா, அந்த மிசினு வந்துட்டா நம்ம சோலி போயிருமா?" என்றார்.

எந்திரவியல் தாளில் இப்படியொரு வினா வந்ததில்லை. அந்த வீட்டில் அம்மாவுக்கு மாதம் 2,500 ரூபாய். ஆகவே, இரு பொறிகளில் எது சிறந்தது என்று தீர்ப்புக் கூற வந்த நான் நடுநிலையான நீதிபதி அல்லன். வாசகர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டே மேலே படிக்க வேண்டுகிறேன்.

இந்தப் பொறிக்கு வயது அதிகமில்லை. சுவீடன் நாட்டு எலெக்ட்ரோலக்ஸ் நிறுவனம் டிரைலோபைட் என்ற மாதிரியை 1996இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் ஓட்டிக் காட்டியது. 2001இல் விற்பனைக்கு விட்டது. வௌவாலைப் போல மீயொலி எழுப்பித் தடைகளை அறிந்த பொறி அது. மறு ஆண்டே அமெரிக்காவின் ஐரோபாட் நிறுவனம் ரூம்பா என்பதை 199 டாலருக்குக் கொண்டு வந்தது. முட்டி மோதித் திரும்பி, மீண்டும் முட்டி, குருட்டாம்போக்கில் அறை முழுவதையும் ஒருவாறு பெருக்கிவிடும். ஆக, 'விலையுயர்ந்ததா, மலிவானதா?' என்ற கேள்வி இந்தப் பொறியோடு கூடவே பிறந்தது எனலாம். நம் நாட்டில் ஷாவ்மி நிறுவனம் 2020 ஏப்ரலில் 17,999 ரூபாய்க்கு ஒன்றை அறிமுகப்படுத்தியது. ஊரடங்கில் வீட்டு வேலைக்கு ஆள் வர முடியாத காலம். அந்த ஆள்களில் ஒருவர் எங்கள் வீட்டுத் திண்ணையில் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தார்.

நிற்க. விளம்பரங்களைப் படிக்கத் தொடங்கினேன். எல்லாவற்றிலும் கொட்டை எழுத்தில் இருப்பது உறிஞ்சு திறன். மலிவான பொறிக்கு 4,000 பாஸ்கல், விலையுயர்ந்ததற்கு 12,000 பாஸ்கல். மூன்று மடங்கு! என் பேராசிரியர் ஒருவரிடம் காட்டினேன். அவர் சிரித்துவிட்டு, "இளநீர் குடிக்கிற குழல வச்சு யோசிச்சுப் பாருப்பா" என்று மட்டும் சொன்னார். யோசித்தேன். தண்ணீரைக் குழலில் பத்து சென்டிமீட்டர் உயரம் இழுக்க ஏறத்தாழ 1,000 பாஸ்கல் அழுத்த வேறுபாடு போதும். ஆக 4,000 என்பது நாற்பது சென்டிமீட்டர்க் குழலில் இளநீர் உறிஞ்சுவது. 12,000 என்பது ஒரு மீட்டருக்குச் சற்று மேல். நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தமோ 1,01,325 பாஸ்கல். மேலும், அந்த எண் உச்ச வேகத்தில், காற்றுவழி முழுதும் அடைத்திருக்கும்போது கிடைப்பது. அன்றாடம் ஓடும் நடுத்தர வேகத்தில் அது கிடைப்பதில்லை. உச்ச வேகத்தில் ஓட்டினால் இரைச்சலும் மிகும், மின்கலமும் விரைவில் தீரும்.

சரி, அவ்வளவு உறிஞ்சல் எதற்காக? கம்பளத்துக்காக! மேலை நாட்டு வீடுகளில் சுவருக்குச் சுவர் கம்பளம். அதன் மயிர்க்கால்களுக்கிடையே புதைந்த தூசியை இழுத்தெடுக்க அந்த வலிமை வேண்டும். மதுரையில் யார் வீட்டில் கம்பளம் இருக்கிறது? மொசைக், டைல்ஸ், கடப்பைக்கல், பழைய வீடாயின் சிவப்புச் சிமெண்டுத் தரை. விருந்தாளி வந்தால் விரிப்பது ஜமக்காளம். அவர் எழுந்தவுடன் அதையும் சுருட்டி வைத்துவிடுகிறோம். நம் தூசி தரையின் மேலேயே கிடக்கிறது. தூரிகை தள்ளினால் போதும், சிறு உறிஞ்சலே மீதியைப் பார்த்துக்கொள்ளும். விலையுயர்ந்த பொறியில் ஈரத்துணியைத் தானே உயர்த்திக்கொள்ளும் வசதியைப் பெரிதாகப் போட்டிருந்தார்கள். அதுவும் முக்கியமாகக் கம்பளம் நனையாமல் இருக்கத்தான்! நமக்குத் தேவையில்லாத இரண்டுக்கு நாம் விலை கொடுக்கிறோம்.

உண்மையாகவே காசு கொடுக்கத் தகுந்தது ஒன்று உண்டு: லேசர் கண். பொறியின் தலையில் ஒரு சிறு குமிழ் சுழல்கிறது. அது ஒளிக்கற்றையை வீசி, சுவரில் பட்டுத் திரும்பும் கோணத்தைக் கொண்டு தூரத்தைக் கணக்கிடுகிறது. வைகைக் கரையில் நின்றுகொண்டு அக்கரை மரத்தின் தூரத்தை இரண்டு கோணங்களால் அளக்கும் முக்கோணக் கணக்கேதான். இப்படி வீட்டின் வரைபடத்தைத் தானே போட்டுக்கொண்டு, வயலில் உழவு ஓட்டுவது போல் வரி வரியாகப் போகிறது. லேசர் இல்லாத மிக மலிந்த பொறிகள் சுழற்சிமானியை நம்பியவை. கண்ணைக் கட்டிக்கொண்டு அடியெண்ணி நடப்பதைப் போன்றது அது. சக்கரம் ஓரிடத்தில் வழுக்கினால் கணக்கு முழுதும் தவறும், பாதி அறை பெருக்காமல் கிடக்கும். அவற்றை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். மகிழ்ச்சிக்குரிய செய்தி என்னவென்றால், முன்பு உயர்ந்த விலையில் மட்டும் இருந்த லேசர் இன்று இருபதாயிரத்துக்குக் கீழேயே இறங்கி வந்துவிட்டது. டீச்சர் காட்டிய 18,000 ரூபாய்ப் பொறியிலும் அது இருந்தது.

அப்படியானால் மேலே உள்ள 54,000 ரூபாய் எதற்கு?

நான் இரண்டு இரவு உட்கார்ந்து இரண்டின் குறிப்புகளையும் ஒப்பிட்டேன். அந்தப் பணத்தின் பெரும் பங்கு ஓடுகிற பெட்டிக்கு அன்று; சுவரோரம் நிற்கும் நிலையத்துக்கு. ரோபோ திரும்பி வந்ததும் அதன் வயிற்றிலுள்ள தூசியை இந்த நிலையம் ஒரு பைக்குள் இழுத்துக்கொள்கிறது. அழுக்கான ஈரத்துணியை வெந்நீரில் அலசுகிறது. சூடான காற்றால் உலர்த்துகிறது. நல்ல தண்ணீரை நிரப்பித் தருகிறது. அதாவது, பெருக்கி முடித்தபின் செய்யவேண்டிய அழுக்கு வேலை அத்தனையையும் செய்கிறது. அப்போதும் நிலையத்தின் அழுக்குத் தண்ணீர்த் தொட்டியைக் கொண்டுபோய்க் கொட்டி, நல்ல தண்ணீர்த் தொட்டியை நிரப்பி வைக்க ஒரு மனிதர் வேண்டும். நம் பக்கத்து ஆழ்குழாய் நீரைத் தொடர்ந்து ஊற்றினால், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படியும் வெள்ளைக் காறை அதன் நுண்துளைகளிலும் படியும் என்பதைச் சொல்ல இயற்பியல் தேவையில்லை.

விலை உயர்ந்தால் ஆயுளும் உயரும் என்று நம்பினேன். அதுவும் உறுதியில்லை. ரூம்பாவைப் பெற்றெடுத்த ஐரோபாட் நிறுவனமே 2025 டிசம்பரில் திவால் நீதிமன்றத்தை நாடியது. தனக்குப் பொறி செய்து தந்த சீன நிறுவனத்தின் கைக்கே போவதாயிற்று. லேசர் ரோபோவை 2010இல் வீடுகளுக்குக் கொண்டு வந்த முன்னோடியான நீட்டோ 2023இல் மூடப்பட்டது. இணையச் சேவை ஐந்தாண்டுகளேனும் தொடரும் என்று வாங்கியவர்களுக்குச் சொல்லியிருந்தார்கள். 2025இலேயே அதுவும் நின்றது. கைப்பேசியில் வரைபடம் பார்த்து ஓட்டிய பொறிகள், பொத்தானை அமுக்கினால் மட்டும் ஓடும் நிலைக்கு இறங்கின. விளக்குமாற்றுக்கு இந்தக் கதி வருமா?

கேமரா உள்ள பொறிகளைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். 2022இல் ஓர் அமெரிக்க அறிவியல் இதழ், ரூம்பாவின் சோதனைப் பொறிகள் வீடுகளுக்குள் எடுத்த படங்கள் இணையத்தில் கசிந்ததை வெளியிட்டது. குளியலறையில் அமர்ந்திருந்த ஒரு பெண்ணின் படமும் அவற்றில் இருந்தது. அவை கடையில் விற்ற பொறிகள் அல்ல, சோதனைக்கென ஒப்புக்கொண்டவர்களிடம் கொடுத்தவை என்று நிறுவனம் விளக்கியது. விளக்கத்தை ஏற்போம். ஆனால் தனியே வாழும் ஒரு முதிய பெண்மணியின் வீட்டில் கண் வைத்த பெட்டி உலவ வேண்டுமா என்பதை அவரே தீர்மானிக்கட்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை டீச்சர் வீட்டுக்குப் போனேன். அம்மா ஆறு ஆண்டுகளாகப் பெருக்கும் வீட்டுக்குள் நான் நுழைந்தது அதுவே முதல் முறை. அளவு நாடாவால் நிலைப்படிகளை அளந்தேன். இவ்வகைப் பொறிகளில் பல இரண்டு சென்டிமீட்டர் அளவுதான் ஏறும். கூடத்துக்கும் சமையலறைக்கும் இடையே படியில்லை. பூசையறைப் படி ஐந்து சென்டிமீட்டர். நல்லதுதான், உள்ளே போனால் கோலத்தைத் துடைத்துக் குத்துவிளக்கையும் தள்ளிவிடும். வாசல் தெளிக்க, குளியலறை தேய்க்க, மாடிப்படி பெருக்க, ஒட்டடை அடிக்க இரண்டு பொறிகளாலும் இயலாது. ரசம் கொட்டினால் பக்கத்தில் விடவே கூடாது.

"டீச்சர், 18,000 ரூபாய்ப் பொறி போதும்" என்றேன். காரணங்களையும் சொன்னேன். பிறகு தொண்டை அடைக்க, "இதுல எனக்கும் பங்கு இருக்கு டீச்சர். விலை கூடினத வாங்கினா அம்மாவுக்கு வேலை இல்லாம போயிருமோன்னு பயம். அதையும் சேத்துத்தான் யோசிச்சேன்" என்றேன். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அப்ப உன் பதில்ல எவ்வளவு சயின்ஸ், எவ்வளவு பயம்னு பிரிச்சு எழுதிக் குடு தம்பி" என்றார். தலைமையாசிரியை அல்லவா! நானும் அப்படியே எழுதிக் கொடுத்தேன். ஒரு பக்கம் சயின்ஸ், நான்கு வரி பயம்.

மலிவான பொறியே வந்தது. இப்போது அம்மா அந்த வீட்டுக்குப் போனதும் என்ன செய்கிறார் தெரியுமா? முதலில் நாற்காலிகளை மேலே ஏற்றுகிறார், தரையில் கிடக்கும் மின்கம்பிகளைச் சுருட்டுகிறார். பொத்தானை அமுக்கிவிட்டுப் பாத்திரம் தேய்க்கப் போகிறார். அது ஓடி முடித்ததும் தூசிப் பெட்டியைக் குப்பையில் தட்டுகிறார், வடிகட்டியை உதறுகிறார், துணியை அவிழ்த்து அலசிக் கொடியில் போடுகிறார், தண்ணீர் நிரப்புகிறார். தூரிகை உருளையில் சுற்றிய தலைமுடியையும், மல்லிகைச் சரம் கட்டிய வாழைநாரையும் பிரித்தெடுக்கிறார். (மதுரை மல்லியின் மணத்தைப் பாடாத கவிஞர் இல்லை, அதன் நார் ரோபோவுக்கு எமன் என்று யாரும் பாடியதில்லை.) பொறிக்கு எட்டாத மூலைகளை விளக்குமாற்றால் கூட்டுகிறார்.

இந்தப் பட்டியலைப் படித்தவர்கள் கண்டுபிடித்திருப்பீர்கள். அந்த 54,000 ரூபாய் நிலையம் செய்யும் வேலையைத்தான் என் தாயார் செய்கிறார். தூசி தட்டுவதும் துணி அலசுவதும் தண்ணீர் மாற்றுவதும் ஒரு வேலையா என்று நாம் நினைக்கிறோம். உலகச் சந்தை அதற்கு 54,000 ரூபாய் விலை போட்டிருக்கிறது! அது எங்கள் கணக்கில் இருபத்தொரு மாதச் சம்பளத்துக்கும் மேல். ஆகவே மலிவான பொறி வாங்குவோருக்கு என் விண்ணப்பம் இது: வாங்குங்கள், அதுவே நம் வீடுகளுக்குப் போதும். ஆனால் 'ரோபோதானே பெருக்குகிறது' என்று வேலைக்காரரின் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். அந்தப் பொறி மலிவாக இருப்பதற்குக் காரணமே அவர்தாம்.

டீச்சர் குறைக்கவில்லை. அம்மாவுக்கு இடுப்பு வலி குறைந்திருக்கிறது. குனிந்து துடைத்த நாள்களில் இரவில் புரண்டு படுக்க முடியாது. "மிசினு நல்ல மிசினுதாய்யா, இடுப்பு தப்பிச்சுச்சு" என்கிறார். விஞ்ஞானத்தைப் பழிக்க எனக்கு மனமில்லை. 2011இல் தொடங்கிய அரசுத் திட்டத்தில் வந்த கிரைண்டர் எங்கள் வீட்டு ஆட்டுரலைக் கோழிக்கூண்டருகே அனுப்பியது; அப்பத்தா அதைத் தொட்டுக் கும்பிட்டார். அந்தப் பொறி எங்கள் வீட்டுக்கு வந்தது, அதனால் எங்கள் கை ஓய்ந்தது. இது பிறர் வீட்டுக்கு வருவது.

மூன்று வீடுகளில் இன்னொன்றில் கார்த்திகை மாதம் உயர்ந்த விலைப் பொறியே வந்துவிட்டது. "இனிப் பாத்திரத்துக்கு மட்டும் வந்தா போதும்" என்று 1,200 ரூபாயைக் குறைத்துவிட்டார்கள். அவர்களிடம் யாரும் என் கருத்தைக் கேட்கவில்லை. அரசு எனக்குத் தரும் தமிழ்ப் புதல்வன் உதவித்தொகை மாதம் 1,000 ரூபாய்; அது வந்த வழியில் அப்படியே போயிற்று. வீட்டுப் பணியாளர்களுக்கென நம் மாநிலத்தில் 2007 முதல் நல வாரியம் இருக்கிறது. அவர்களின் உரிமைக்காகப் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 2011இல் ஓர் உடன்படிக்கையே இயற்றியது. இந்தியா அதற்கு வாக்களித்தது, ஆனால் இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை. அரசைச் சொல்லி என்ன, நல வாரியத்தில் அம்மாவின் பெயரை நானே இன்னும் பதியவில்லை. இரண்டு இரவு பாஸ்கல் கணக்குப் போட்டவனுக்கு ஒரு படிவம் நிரப்ப நேரமில்லாமற் போயிற்று. தேர்வு முடிந்த மறுநாள் போவதாக இருக்கிறேன்.

பொறியின் கைப்பேசிச் செயலி ஆங்கிலத்தில் இருக்கிறது. எந்த விளக்கு எரிந்தால் என்ன பொருள் என்று ஒரு தாளில் தமிழில் எழுதிக் கொடுத்தேன். அம்மா அதை டீச்சர் வீட்டுக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்திருக்கிறார். நாரை வெட்ட ஒரு சிறிய கத்தரிக்கோல் வேண்டுமாம். சனிக்கிழமை மாட்டுத்தாவணியில் இறங்கும்போது வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.